டெலிவரி எடுத்த அன்னைக்கே நாம ஓனர் ஆகிட மாட்டோம்: ஒரு புது படகு எனக்குக் கத்துக்கொடுத்த கணக்கு



என்னோட ஹார்ட் டிஸ்க்ல "படகு டெலிவரி"ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ளே நாலு மணி நேர ஃபுட்டேஜ். போன வருஷம் மே மாசம் இங்கிலாந்துல, சவுத்தாம்ப்டன் பக்கத்துல இருக்கற ஹாம்பிள் ஆத்தோரம் எடுத்தது. நம்ம சேனல்ல போடறதுக்காகவே கேமரா, மைக் எல்லாம் தூக்கிட்டுப் போனேன். ஆனா அந்த வீடியோவை இன்னைக்கு வரைக்கும் போடலை.

ஏன் போடலைன்னு நேரடியா சொல்லிடறேன். அந்த படகை வாங்கலாம்னு கணக்கு போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தக் கணக்கு தப்பு. தப்பான கணக்கை நல்ல மியூசிக் போட்டு எடிட் பண்ணி உங்க முன்னாடி வைக்க எனக்கு மனசு வரலை. அதனால எழுதறேன்.

"நமக்கு எதுக்குப்பா படகு கதை?"ன்னு கேட்கலாம். நம்மள்ல நிறைய பேரு ராத்திரி பதினோரு மணிக்கு என்ன பார்க்கறோம்? வேலையை விட்டுட்டு படகு வாங்கி உலகம் சுத்தற ஜோடிகளோட வீடியோ. நீலக் கடல், வெள்ளைப் பாய், கையில காபி. என் நண்பனும் அவன் மனைவியும் அதையேதான் பார்த்தாங்க. படகு உங்களுக்கு வேணாம்னாலும் பரவாயில்லை. ஃபிளாட் வாங்கப் போறீங்க, கார் வாங்கப் போறீங்க. கதை அங்கேயும் வந்து நிக்கும்.

நான் போட்ட கணக்கு

நண்பன் என்னோட காலேஜ்மேட். மதுரைக்காரன். அவனும் மனைவியும் சவுத்தாம்ப்டன்ல ஐடி வேலை. ரெண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு வர்ற சம்பளம் மாசம் 6,300 பவுண்டு. ஆறு மாச செலவுக்குன்னு 14,000 பவுண்டு எமர்ஜென்சி ஃபண்ட் தனியா வெச்சிருந்தாங்க. அதை வெக்கச் சொன்னதும் நான்தான், அதுல எனக்கு ஒரு பெருமை வேற!

ஒரு நாள் போன் பண்ணான். "மாப்ள, 31 அடி குரூஸிங் படகு. புத்தம் புதுசு. வாங்கலாமாடா?"

குரூஸிங் படகுன்னா ரேஸுக்கு போறது இல்லை, மீன் பிடிக்கறதும் இல்லை. பாய் விரிச்சு ஓடும், சின்னதா ஒரு டீசல் இன்ஜினும் இருக்கும். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உண்டு. நாள்கணக்கா அதுலயே தங்கி ஊர் ஊரா போகலாம்.

விளம்பர விலை, வாட் வரியோட சேர்த்து 98,000 பவுண்டு. ஆனா அந்த விலையில நங்கூரம் கிடையாது. ஆமா, நங்கூரம் இல்லாத படகு! ஆழம் காட்டற கருவி, காத்தோட வேகம் காட்டற கருவி, படகை ஜெட்டியில கட்டற கயிறு, பக்கவாட்டுல இடிக்காம இருக்க தொங்கவிடற ஃபெண்டர், அடிப்பாகத்துக்கு பாசி பிடிக்காத பெயிண்ட், ஃபேக்டரியில இருந்து கொண்டுவந்து பாய்மரத்தை நிறுத்தி தண்ணியில இறக்கித் தர்ற கூலி, எல்லாமே தனி. கடைசியில 1,29,000 பவுண்டுல வந்து நின்னுது.

20 சதவீதம், அதாவது 25,800 பவுண்டு, ஏழு வருஷ சேமிப்புல இருந்து கட்டினாங்க. மீதி 1,03,200 பவுண்டு லோன். 8 சதவீத வட்டி, 10 வருஷம். மாசம் 1,252 பவுண்டு இஎம்ஐ.

நான் கால்குலேட்டரை தட்டினேன். 6,300-ல 1,252. கிட்டத்தட்ட 20 சதவீதம். வேற கடன் எதுவும் இல்லை. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடலை. "தாராளமா வாங்குடா"ன்னு சொல்லிட்டேன்.

அவன் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. "அண்ணா, எங்களுக்கு இதை ஓட்டத் தெரியுமான்னு நீங்க கேட்கவே இல்லையே?" அதுவரைக்கும் ரெண்டு பேரும் அடுத்தவங்க படகுல மொத்தம் மூணு வீக்கெண்ட் போயிருந்தாங்க. "வாங்கிட்டா தானா கத்துக்கப் போறீங்க"ன்னு சிரிச்சுட்டே சொன்னேன். அந்தச் சிரிப்புக்கு என்ன விலைன்னு அப்போ தெரியலை.

டெலிவரி நாள்: மூணு மணி நேரம், ஒரு கையெழுத்து

காலையில பத்து மணிக்கு போனோம். படகு பளபளன்னு நின்னுது. டீலரோட ஆள் ரொம்ப நல்லா பேசினாரு. இது பேட்டரி சுவிட்ச், இது தண்ணி டேங்க், இது கேஸ் வால்வு, இது ஆட்டோபைலட். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம். நண்பன் தலையாட்டிக்கிட்டே இருந்தான். நான் கேமரா பிடிச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேருமே எதையும் தொட்டுப் பார்க்கலை.

மதியம் ஒரு மணிக்கு ஒரு ஃபைல் கொடுத்தாங்க, என் கை அகலத்துக்கு தடிமன். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க"ன்னாரு. படகை முழுசா, குறை இல்லாத நிலையில பெத்துக்கிட்டேன்னு எழுதியிருந்த தாள். போட்டான். நான் அதை குளோஸ்-அப்ல எடுத்தேன்.

கடல்ல ஓட்டிப் பார்க்கற சீ டிரயல்? "அடுத்த வாரம் காத்து நல்லா இருக்கும், அப்போ போகலாம்"னாரு. ஆனா மொத்தப் பணமும் முந்தின வாரமே போயிடுச்சு. ஹேண்ட்ஓவருக்கு முன்னாடி பாக்கி முழுசையும் கட்டணும்னு கான்ட்ராக்ட்ல இருந்திருக்கு. நான் இஎம்ஐ கணக்கு போட்டேனே தவிர, அந்த கான்ட்ராக்ட்டை ஒரு தடவை கூட படிக்கலை.

இதுதான் என்னோட முதல் பாயிண்ட். நம்ம பணம் நம்ம கையில இருக்கற வரைக்கும்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. டெலிவரி நாள் அந்த மதிப்போட கடைசி நாள். அன்னைக்கு நாம என்ன பண்றோம்? ரிப்பன் வெட்டறோம், ஸ்வீட் சாப்பிடறோம், ஸ்டேட்டஸ் போடறோம்.

ஆழம் தெரியாம கால் விட்டோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே"ன்னு பாட்டி சொன்னா நாம பழமொழின்னு நினைக்கறோம். ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை எங்களுக்கு அது நிஜமாவே நடந்துச்சு.

ஆத்துல இருந்து கடலுக்கு வெளியே போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம். அந்தப் பக்கம் கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை நல்லா ஏறும், நல்லா வத்தும். அப்போ வத்திக்கிட்டு இருந்த நேரம். ஆழம் காட்டற கருவியில 1.8 மீட்டர், 1.6 மீட்டர்னு வந்துக்கிட்டு இருந்துச்சு. படகோட அடியில கனமா ஒரு துடுப்பு மாதிரி இறங்கியிருக்குமே, அந்த கீலுக்குக் கீழே இன்னும் ஒன்றரை மீட்டர் தண்ணி இருக்குன்னு நாங்க நிம்மதியா இருந்தோம். 1.4 காட்டினப்போ படகு மெத்துன்னு நின்னுடுச்சு. சேறு.

என்ன நடந்துச்சுன்னா, அந்த கருவியோட சென்சார் தண்ணி மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட அரை மீட்டர் கீழே இருக்கு. கீலோட நுனி 1.85 மீட்டர் கீழே இருக்கு. அதாவது சென்சாரைவிட கீல் 1.4 மீட்டர் ஆழமா போகுது. அந்த வித்தியாசத்தை கருவியில முன்கூட்டியே பதிஞ்சு வைக்கணும். கடல் மட்டத்துல இருந்து காட்டணுமா, கீலுக்குக் கீழே காட்டணுமான்னு நாமதான் செட் பண்ணணும். எங்க படகுல அது பூஜ்யத்துல இருந்துச்சு. ஆக 1.4-ன்னு காட்டினா கீலுக்குக் கீழே ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்.

படகு மெல்ல மெல்ல சாய்ஞ்சு, நாலு மணி நேரம் அப்படியே கிடந்தோம். கடல் திரும்ப ஏறின பிறகுதான் நிமிர்ந்துச்சு. யாருக்கும் அடி இல்லை, படகுக்கும் சேதம் இல்லை. சேறா இருந்ததால தப்பிச்சோம், பாறையா இருந்திருந்தா கதையே வேற. அந்த நாலு மணி நேரமும் அவன் மனைவி ஒரு வார்த்தை பேசலை. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அன்னைக்கு ராத்திரி அந்த தடிமனான ஃபைலை முதல் தடவையா திறந்தோம். இந்த செட்டிங் எப்படி மாத்தறதுன்னு ஒரே பக்கத்துல எழுதியிருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை.

குழாயை கையால தடவிப் பார்த்த ரெண்டு நாள்

அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. அங்கே நம்ம சொந்தப் படகுலயே வந்து சொல்லிக்கொடுக்கற பயிற்சியாளர்கள் இருக்காங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கற ஒரு அம்மா வந்தாங்க. வந்ததும் பாயை தொடவே இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "படகுக்குள்ள இருக்கற ஒவ்வொரு குழாயும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கையால தடவிக்கிட்டே போய் படம் வரைங்க"ன்னாங்க.

ரெண்டு நாள் வரைஞ்சோம். கத்துக்கிட்டதுல சிலதை மட்டும் சொல்றேன்:

1. படகோட அடியில ஓட்டை இருக்கு, அதுவும் நிறைய. இன்ஜினை குளிர வைக்க கடல்தண்ணி உள்ளே வர ஒண்ணு, சிங்க் தண்ணி வெளியே போக ஒண்ணு, டாய்லெட்டுக்கு ரெண்டு. எங்க படகுல ஒன்பது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால்வு. எந்த வால்வு எங்கன்னு இருட்டுல கை வெச்சு தேடத் தெரியணும். வால்வு உடைஞ்சா அடைக்கறதுக்கு, பக்கத்துலயே கூம்பு மாதிரி ஒரு மரத்துண்டை கட்டித் தொங்கவிடணும்.

2. அடிவயித்துல தண்ணி இருந்தா நாக்குல வெச்சுப் பாரு. உப்பு கரிச்சா கடல் உள்ளே வருது. நல்ல தண்ணியா இருந்தா நம்ம டேங்க் ஒழுகுது. எங்களுக்கு உப்பு கரிச்சுது. சிங்க் குழாயோட கிளிப் ஒண்ணு முறுக்காமலே விட்டிருந்தாங்க.

3. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினா முதல்ல பின்பக்கம் எட்டிப் பாரு. புகையோட தண்ணியும் வெளியே வரணும். வரலைன்னா கடல்தண்ணி உள்ளே போகலை. பம்புக்குள்ள இருக்கற ரப்பர் சக்கரம் காய்ஞ்சு கிழிஞ்சுடும், இன்ஜின் சூடாகிடும். புது இன்ஜினுக்கு முதல் 50 மணி நேரத்துல சர்வீஸ் பண்ணணும்.

4. பேட்டரியும் ஒரு பட்ஜெட்தான். இன்ஜின் ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி, ஃபிரிட்ஜ், லைட்டுக்கு வேற பேட்டரி. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா அதோட ஆயுசு குறையும். 200 ஆம்பியர்-மணின்னு எழுதியிருந்தா, கையில இருக்கறது 100-ன்னு நினைச்சுக்கணும். சம்பளம் மொத்தத்தையும் செலவு பண்ண முடியாது இல்லையா, அதே மாதிரி.

5. கேஸ் காத்தைவிட கனம். நம்ம வீட்டு சிலிண்டர் கேஸும் அப்படித்தான். வீட்டுல ஜன்னலைத் திறந்தா ஓரளவு போகும். படகுல கசிஞ்சா அடிவயித்துல போய் தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். அதனால சிலிண்டர் வைக்கற பெட்டிக்கு, கசியற கேஸ் நேரா கடல் பக்கம் வெளியேற ஒரு துளை இருக்கும். அது அடைச்சிருக்கான்னு பார்க்கணும்.

6. பாய்மரத்தை பிடிச்சிருக்கற கம்பி புதுசா இருக்கும்போது கொஞ்சம் தளரும். சில வாரம் ஓட்டின பிறகு திரும்ப இறுக்கணும்.

ரெண்டாம் நாள் முடிவுல எங்க கையில ஒரு படமும், 43 குறைகள் கொண்ட ஒரு பட்டியலும் இருந்துச்சு. அந்த 43-ல பெரும்பாலானது டெலிவரி அன்னைக்கே கண்ணுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது. நான் பிறகு என் ஃபுட்டேஜை ஓட்டிப் பார்த்தேன். தளர்ந்த அந்த கிளிப் என் வீடியோவுலயே தெரியுது!

அந்தப் பட்டியலை டீலருக்கு எழுத்துல அனுப்பினது டெலிவரி எடுத்த 34-வது நாள். அங்கே 2015-ல வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள்ல குறை இருந்தா முதல் 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டு பணத்தை வாங்கிக்கற உரிமை உண்டு. நாலு நாள்ல அது போச்சு. அதுக்கப்புறம் முதல்ல சரி பண்ணியோ மாத்தியோ தரச்சொல்லித்தான் கேட்க முடியும். ஆறு மாசத்துக்குள்ள தெரியற குறை, டெலிவரி அப்பவே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், அந்த வகையில பிழைச்சோம். ஆனா எல்லாத்தையும் சரி பண்ணி முடிக்க அக்டோபர் ஆகிடுச்சு. அங்கே படகு ஓட்டற சீசனே முடிஞ்சுடுச்சு. இஎம்ஐக்கு மட்டும் சீசன் கிடையாது.

நான் விட்ட கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்னு சொல்வாங்க. முதல் வருஷம் அவங்க செலவு இது:

- படகு நிறுத்தற மெரினா வாடகை: 6,800 பவுண்டு
- இன்சூரன்ஸ்: 1,100
- வெளியே தூக்கி கழுவி, பெயிண்ட் அடிக்க: 1,300
- இன்ஜின் சர்வீஸ்: 700
- கயிறு, பாய், சில்லறை: 600

மொத்தம் 10,500. மாசத்துக்கு 875 பவுண்டு. இஎம்ஐயோட சேர்த்தா 2,127. கைக்கு வர்ற சம்பளத்துல 20 சதவீதம்னு நான் சொன்னது நிஜத்துல 34 சதவீதம்.

இது போக ஒரு தடவை செலவு: லைஃப் ஜாக்கெட், லைஃப் ராஃப்ட் மாதிரி பாதுகாப்பு சாமான் 2,900. பயிற்சிக்கு 2,400. அங்கே படகுக்காரங்க மத்தியில ஒரு பொது வழக்கு உண்டு: படகு விலையில 10 சதவீதத்தை ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்கு ஒதுக்கி வெச்சுக்கோன்னு. இவங்களுக்கு 8 சதவீதத்துல நின்னதுக்குக் காரணம் படகு புதுசா இருந்ததுதான். இந்தக் கணக்கைப் போட பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் போடலை.

மெரினா வாடகையும் இன்சூரன்ஸும் முன்பணமா கட்டணும். அதனால தொடமாட்டோம்னு சொன்ன எமர்ஜென்சி ஃபண்ட் கரைஞ்சுது. 14,000 பவுண்டுல டிசம்பர்ல மிஞ்சினது 2,100.

ஜனவரியில அவன் அப்பா மதுரையில ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாரு. நெஞ்சு வலி. அடுத்த நாள் ஃபிளைட்டுக்கு ரெண்டு டிக்கெட், இங்கே ஆஸ்பத்திரிக்கு கட்ட வேண்டிய அட்வான்ஸ். ஏர்போர்ட்ல இருந்து போன் பண்ணான். "கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு வர்றேன்டா"ன்னு மட்டும் சொன்னான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லலை. அப்பா இப்போ நல்லா இருக்காரு. ஆனா 1,29,000 பவுண்டு சொத்து வெச்சிருந்த ஒருத்தன், அப்பாவைப் பார்க்க கார்டு தேய்ச்சுட்டு வந்தான். அந்த எமர்ஜென்சி ஃபண்ட் இருந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

இதையே ஒழுங்கா பண்ணினவங்க நம்ம நாட்டுலயே இருக்காங்க

"ஓனர் ஆனாத்தான் பிரதர் ஒழுங்கா கத்துப்போம்"னு சிலர் சொல்வீங்க. பாதி உண்மை. கத்துக்கறதுல ரெண்டு வகை இருக்கு. படகு ஓட்டறது ஒண்ணு. இந்த படகோட குழாயும் ஒயரும் எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கறது இன்னொண்ணு. முதல் வகையை வாங்கறதுக்கு முன்னாடி, அடுத்தவங்க படகுல கத்துக்கணும். ரெண்டாவது வகையை டெலிவரியை ஒட்டி, நேரம் ஒதுக்கி கத்துக்கணும்.

நம்ம கடற்படையைப் பாருங்க. கோவாவுல ஒரு தனியார் தளத்துல கட்டின 56 அடி பாய்மரப்படகு "மாதேயி". 2009 பிப்ரவரியில டெலிவரி எடுத்தாங்க. அதுல தனியா உலகம் சுத்தப் போன கமாண்டர் திலீப் தோண்டே, படகு கட்டற காலத்துலயே அந்தத் தளத்துல கூட இருந்தவரு. டெலிவரி எடுத்ததும் நேரா கிளம்பிடலை. ஆறு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 19-ம் தேதி மும்பையில இருந்து புறப்பட்டு, 2010 மே 19-ல திரும்பி வந்தாரு. தனியா படகுல உலகம் சுத்தின முதல் இந்தியர்.

அடுத்தது "தாரிணி". 2017 பிப்ரவரியில கடற்படையில சேர்ந்த புது படகு. அதுல உலகம் சுத்தின ஆறு பெண் அதிகாரிகள் ஏற்கெனவே மாதேயியில பயிற்சி எடுத்தவங்க. அவ்வளவு தயாரிப்போட போயும், வழியில தாரிணியோட சுக்கான் கோளாறாகி, 2018 ஜனவரியில மொரீஷியஸ்ல திட்டமிடாம நிறுத்தி ரிப்பேர் பார்க்க வேண்டி வந்துச்சு. கடல்ல எல்லாமே ஒரு நாள் உடையும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனாலும் மே மாசம் கோவா வந்து சேர்ந்தாங்க.

அதே தாரிணியில 2024 அக்டோபர் 2-ல கிளம்பி 2025 மே 29-ல திரும்பினவங்க ரெண்டே பேரு. கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. கிளம்பறதுக்கு முன்னாடி மூணு வருஷ பயிற்சி. எட்டு மாச பயணத்துக்கு மூணு வருஷ தயாரிப்பு! நாங்க பத்து வருஷ கடனுக்கு மூணு வீக்கெண்ட் தயாரானோம்.

என் கருத்து இதுதான்

பெரிய பொருளுக்கு பட்ஜெட் போடும்போது விலை, பராமரிப்புன்னு ரெண்டோட நிறுத்தாதீங்க. மூணாவதா ஒரு வரி சேருங்க: கத்துக்கற செலவு. பணமும் நேரமும் ரெண்டும். இந்த மூணும் சேர்த்து உங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம சமாளிக்க முடியலைன்னா, அந்தப் பொருள் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. இஎம்ஐ 20 சதவீதம்தான்னு யாராவது சொன்னா, அது நானாவே இருந்தாலும், நம்பாதீங்க.

இது படகுக்கு மட்டும் இல்லை:

- ஃபிளாட்: சாவி வாங்கற அன்னைக்கு பூஜை பண்ணுங்க, தப்பே இல்லை. ஆனா அதுக்கு முந்தின வாரமே போய் ஒவ்வொரு பைப்பையும் திறந்து, ஒவ்வொரு பிளக்லயும் சார்ஜர் சொருகி, பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி எங்கே தேங்குதுன்னு பாருங்க. குறைகளை எழுத்துல கொடுங்க. ரெரா சட்டத்துல 14(3) பிரிவுப்படி, பொசஷன் கொடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையை நீங்க சுட்டிக்காட்டினா, பில்டர் 30 நாள்ல இலவசமா சரி பண்ணணும். வாயால சொன்னது எங்கேயும் நிக்காது.

- கார்: ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி, யார்டுல பகல் வெளிச்சத்துல போய்ப் பாருங்க. உங்க பேருல பதிஞ்ச பிறகு "வேற வண்டி கொடுங்க"ன்னு கேட்கறது ரொம்ப கஷ்டம்.

- எதுவா இருந்தாலும்: கடைசி தவணையில ஒரு பகுதியை, ஓட்டிப் பார்த்து குறையெல்லாம் சரியான பிறகு தர்றதா முன்னாடியே கான்ட்ராக்ட்ல எழுதச் சொல்லி கேளுங்க. ஒத்துக்க மாட்டாங்கன்னாலும் கேளுங்க. ஒத்துக்கலைன்னா, முழுப் பணமும் கொடுக்கறதுக்கு முன்னாடியே செக் பண்ண நாள் கேளுங்க. ரெண்டும் இல்லைன்னா கிளம்பி வந்துடுங்க.

கடல் ஆசை இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஆசையை விடாதீங்க. சென்னை துறைமுகத்துக்குள்ள 1911-ல ஆரம்பிச்ச ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு. முதல்ல அந்த மாதிரி இடத்துல போய் அடுத்தவங்க படகுல கயிறு இழுங்க, கடல்ல வாந்தி எடுங்க, சேறு கழுவுங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, அப்போ உட்கார்ந்து கணக்கு போடலாம்.

நண்பன் படகை விக்கலை. வித்தா லோன் பாக்கியைவிட கம்மியாத்தான் வரும்னு தெரிஞ்சு, கூட வேலை பார்க்கற ஒருத்தரை பாதிப் பங்குக்கு சேர்த்துக்கிட்டான். இஎம்ஐயும் மெரினா வாடகையும் பாதியாச்சு. எமர்ஜென்சி ஃபண்டை திரும்ப சேர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. இந்த ஏப்ரல்ல படகை தண்ணியில இறக்கும்போது ஒரு போட்டோ அனுப்பினான். படகோ கடலோ அதுல இல்லை. அந்த அம்மா வரையச் சொன்ன குழாய் படத்தை லேமினேட் பண்ணி, இன்ஜின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தான். படத்துல இருந்தது அவன் மனைவியோட கையெழுத்து. கீழே ஒரு வரி: "அண்ணா, இப்போ எங்களுக்கு ஓட்டத் தெரியும்."

அந்த நாலு மணி நேர ஃபுட்டேஜை இப்போ எடிட் பண்ணப் போறேன். தளர்ந்த கிளிப், அவன் போட்ட கையெழுத்து, கேமராவுக்குப் பின்னாடி நான் சிரிச்ச சிரிப்பு எல்லாத்தையும் சேர்த்தே போடறேன்.

நீங்க அடுத்து டெலிவரி எடுக்கப் போற பொருள் என்ன? அதுக்கு கத்துக்கற செலவுன்னு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. பூஜ்யம்னு வந்தா, கையெழுத்து போடறதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.